மார்கழிக் கூதலும் மாட்டுக் கொட்டிலும்: அறுபதுக்குப் பிறகு உருப்படி வாங்கலாமா?

வாசகர் கேள்வி, 02.12.2024

கனடாவில் நீண்ட காலம் இருந்துவிட்டு இந்த ஆண்டு ஊரோடு வந்துவிட்டேன். கொடிகாமத்துக்குக் கிட்ட பெற்றோரின் காணி இருக்கிறது. வயது 63, மனைவிக்கு முழங்கால் வருத்தம். ஒரு பால்மாடும் நாலைந்து ஆடுகளும் வாங்கிக் கட்ட விருப்பம். "வெள்ளம் இப்பதான் வடியுது, கூதலுக்குள்ள உருப்படி வாங்காதையுங்கோ, தை பிறக்கட்டும்" என்று அயலவர்கள் தடுக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருகிறது. ஒன்ராறியோவில் மறை 20 பாகையில் மாடுகள் பனிக்குள் நின்று வைக்கோல் தின்பதைப் பார்த்தவன் நான். யாழ்ப்பாணத்து 22 பாகை ஒரு குளிரா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

03.12.2024, காலை

அயலவர்கள் சொன்னதுதான் சரி, தம்பி. ஆனால் அவர்கள் சொன்ன காரணத்தில் பாதிதான் உண்மை. எனக்கு வயது 72. தென்மராட்சியில் வயற்கரையை ஒட்டி வீடு. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். கொட்டில் வெறுமையாகக் கிடந்த மழைகாலம் எனக்கு நினைவில் இல்லை.

ஒன்ராறியோ மாட்டையும் கொடிகாமத்து மாட்டையும் வெப்பமானியை மட்டும் வைத்து ஒப்பிட முடியாது. மயிரையும் பார்க்க வேண்டும். குளிர்நாட்டு மாடு, குளிர் வருவதற்கு முன்னரே அடர்ந்த உரோமம் விட்டு, தோலின் கீழே கொழுப்பும் சேர்த்துக்கொள்கிறது. அந்த உரோமம் உலர்ந்திருக்கும்வரை, ஏறத்தாழ மறை 8 பாகை வரைக்கும், உடற்சூட்டைக் காக்க அது மேலதிகமாக எதையும் எரிக்க வேண்டியதில்லை என்று கால்நடை வளர்ப்பு நூல்கள் கணக்குச் சொல்கின்றன. அதே மாடு தோல்வரை நனைந்துவிட்டால் அந்த எல்லை 15 பாகைக்கு ஏறிவிடுகிறது. உலர்ந்த பனியை உடம்பை உதறியே மாடு விழுத்திவிடும். மழையை உதற முடியாது. மயிர் படிந்து, மயிருக்கு இடையே நின்ற காற்று வெளியேறி, மேலே காற்றும் வீசினால், உடம்பின் சூடு தங்குவதற்கு ஓர் இடமும் இல்லை.

எங்கள் நாட்டு மாடு வெயிலுக்கென்றே அமைந்த உடம்பு. மெல்லிய தோல், குட்டை மயிர், தொங்கும் அலைதாடி, விலாவில் கொழுப்பே இல்லை. அதற்கு அந்த 15 பாகை எல்லை இன்னும் மேலேதான் இருக்கும். வயிறு காய்ந்து, முதுகு நனைந்து, வாடைக்காற்றில் இரவு முழுக்க நிற்கும் மாட்டுக்கு உங்கள் சிரிப்புக்குரிய யாழ்ப்பாணத்துக் குளிர் தாராளமாகப் போதும்.

நீங்கள் 2022 மார்கழியில் இங்கே இருக்கவில்லை. தமிழ்நாட்டுக் கரையை நோக்கிப் போன மண்டூஸ் புயல் எங்களைக் கடந்தபோது, 8ஆம் 9ஆம் திகதிகளில், வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் செத்துக் கிடந்தன. தொற்றுநோய் என்று எல்லோரும் பயந்தார்கள். இம்மாகாணங்களிலிருந்து இறைச்சியை வெளியே கொண்டு செல்வதற்கும் தற்காலிகத் தடை வந்தது. மாதிரிகளைப் பரிசோதித்த பின்னர், நோயல்ல, குளிர் தாங்காமல் இறந்தவை என்று கால்நடைத் துறையினர் அறிவித்தார்கள். பனியே விழாத ஊரில் நடந்தது இது.

03.12.2024, இரவு

காலையில் எழுதியதில் வயிற்றைப் பற்றிப் போதுமான அளவு சொல்லவில்லை. ஆடும் மாடும் நார்த்தீனியைத் தின்று, அது முன்வயிற்றில் நொதிக்கும்போது உண்டாகும் சூட்டில் பெரும் பகுதியைக் கொண்டே குளிர் இரவைக் கடக்கின்றன. பிண்ணாக்கும் தவிடும் பாலுக்கு நல்லவை. விரைவில் சமித்து முடிந்துவிடும். வைக்கோல் மெல்ல நொதிப்பது. ஆகவே மழை இரவுகளில் பொழுது படும் நேரத்தில் வைக்கோலைத் தாராளமாகப் போட்டுவிட்டுப் படுக்க வேண்டும். நள்ளிரவில் கொட்டில் பக்கம் போனால் அசைபோடும் சத்தம் கேட்க வேண்டும். அது கேட்டால் திரும்பிப் போய்ப் படுக்கலாம்.

05.12.2024

ஸ்காபரோவிலிருந்து ஒருவர் கேட்கிறார், இங்கு மழைக்குப் பிறகு எங்கும் பச்சையாகத்தானே கிடக்கிறது, தீனிக்கு என்ன குறை என்று. கோடையைவிட மார்கழியில்தான் எனக்குத் தீனிக் கவலை அதிகம் என்றால் அவர் நம்பப் போவதில்லை. ஆனாலும் காரணத்தைச் சொல்கிறேன்.

காலபோகப் பயிர் வயலில் நிற்கிறது. அறுவடை தையிலும் மாசியிலும்தான். அதுவரை வயலுக்குள் ஒரு உருப்படியும் வாய் வைக்க முடியாது. தரவை முழுவதும் வெள்ளம். வீதியோரத்துப் புல்லில் பெரும் பங்கு தண்ணீர். வயிறு புடைக்க மேய்ந்தாலும் உள்ளே போகும் உலர் பொருள் கொஞ்சம், சாணகமோ தண்ணீராகப் போகும். வைக்கோலோ சென்ற மாசியில் வாங்கியது; பட்டடையின் அடிப்பகுதி இப்போது பூஞ்சணம் பிடித்திருக்கும். பூஞ்சணம் பிடித்த வைக்கோலை, பாவம் வீணாகப் போகிறதே என்று சினைமாட்டுக்குப் போடுபவர்களைக் கண்டிருக்கிறேன். அதைத் தென்னைக்குத் தாழுங்கள்; உரமாகட்டும்.

பனையோலை எங்கள் ஊரின் பழைய காப்புறுதி. எந்த மழையிலும் மரத்தில் உலர்ந்தே இருக்கும், கிழித்துப் போட்டால் மாடு நொறுக்கித் தின்னும். ஆனால் மழையில் வழுக்கும் பனையில் ஏறி ஓலை வெட்ட இப்போது யார் வருகிறார்கள்? என் வயதில் மிஞ்சுவது கொக்கத்தடிக்கு எட்டும் குழைதான்: வேலியில் பூவரசு, முள்முருக்கு, சீமைக்கிளுவை, ஆட்டுக்குப் பலா இலை. பலாவுக்குத் தென்மராட்சியில் பஞ்சமில்லை. காலையில் குழையை இழுத்து வெட்டி, தாவாரத்தின் கீழே கொடியில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுவேன். பின்னேரம் ஈரம் வடிந்திருக்கும். ஆடும் நிலத்தில் மிதித்து வீணாக்காமல், நிமிர்ந்து நின்று இழுத்துத் தின்னும்.

இப்பிலிப்பில் மரத்தின் இலையும் நல்ல தீனிதான். ஆனால் மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலே போனால் மயிர் உதிரும். மரவள்ளி இலையைப் பச்சையாகப் போட வேண்டாம், வெயிலில் வாடவிட்டுப் போடுங்கள். பச்சை இலையில் உள்ள நஞ்சு ஆட்டை ஒரு மணித்தியாலத்துக்குள் விழுத்தக்கூடியது.

08.12.2024

கொக்குவில் அன்பர், நாலு பக்கமும் தறப்பாள் இழுத்துக் கட்டிவிட்டால் கூதல் பிரச்சினை தீர்ந்தது என்று எழுதியிருக்கிறார். தீராது, வேறொரு பிரச்சினை தொடங்கும். சிறுநீரிலிருந்து எழும் அமோனியா மூடிய கொட்டிலுக்குள் தங்கி நெஞ்சை அரிக்கும், அதன்மேல் சளிக்காய்ச்சல் வரும், பிறகு மிருக வைத்தியரைத் தேடி ஓட வேண்டும். குளிரால் சாகாத குட்டி காற்றோட்டம் இல்லாமல் செத்தால் என்ன லாபம்?

சோதித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். விடியற்காலையில், சாணகம் அள்ளுவதற்கு முன்னர், கொட்டிலுக்குள் ஒரு முக்காலியைப் போட்டுக் குந்தி, படுத்திருக்கும் ஆட்டின் மூக்கு இருக்கும் உயரத்துக்கு உங்கள் முகத்தைக் கொண்டுபோய் மூச்சை இழுங்கள். கண் கரித்தால் காற்று போதாது. நின்றபடி சோதித்தால் ஒன்றும் தெரியாது. உங்கள் மூக்கு ஐந்தடி உயரத்தில் இருக்கிறது, ஆட்டினுடையது ஓரடியில். முக்காலி ஏன் என்று இளையவர்கள் கேட்கக்கூடும். முக்காலி இல்லாமல் குந்தினால் எழுப்புவதற்கு ஆள் தேட வேண்டும்.

வாடை வரும் வடக்குப் பக்கத்தையும் கிழக்குப் பக்கத்தையும் உருப்படி படுக்கும் உயரத்துக்கும் கொஞ்சம் மேலே வரை கிடுகுச் செத்தையால் மறைத்து, அதற்கு மேலே கூரை வரை திறந்துவிடுங்கள். மற்ற இரண்டு பக்கமும் திறந்தே இருக்கலாம். தாவாரம் நீளமாக இருக்க வேண்டும். சாரல் உள்ளே வரக்கூடாது. தகரக் கூரையைவிடக் கிடுகு குளிருக்கு நல்லது. தகரத்தின் அடியில் விடியற்புறத்தில் நீர் கோர்த்து முதுகில் சொட்டும். தகரம்தான் போட்டிருக்கிறீர்கள் என்றால் அதன் மேல் பழைய கிடுகைப் பரப்பிக் கட்டலாம்.

ஆட்டுக்குப் பரண். பனஞ்சிலாகைகளை ஒரு விரல் அகல இடைவெளி விட்டு அடித்தால் புழுக்கை கீழே விழும், குட்டியின் கால் சிக்காது. பரணை எவ்வளவு உயரத்தில் வைப்பது என்பதை ஆட்டை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். நீண்ட பிடி வைத்த விளக்குமாற்றால் உங்கள் முதுகு வளையாமல் அடியைக் கூட்ட முடிகிறதா என்று பாருங்கள். மாட்டுக்கு நிலத்தில் மணலைக் கொட்டி உயர்த்தி, பின்னங்கால் பக்கம் சற்றே சரிவு விட்டால் போதும். சேற்றில் நிற்கும் மாட்டுக்குக் குளம்பு அழுகும். குளம்பு நொந்த மாடு தீனிக்கு எழும்பாது.

நுளம்புக்கு வேப்பிலையும் நொச்சியும் போட்டுப் புகைப்பது நல்லதுதான், நாங்கள் இருந்து பார்க்கும் நேரம் வரைக்கும். கிடுகுக் கொட்டிலில் நெருப்பை வைத்துவிட்டு நித்திரைக்குப் போகக்கூடாது. என் கணவருக்கு ஆஸ்துமா. ஆகவே எங்கள் வீட்டில் புகை போடும் நேரமும் அவர் கோவிலுக்குப் போகும் நேரமும் ஒன்று. புகையினால் பக்தி வளர்ந்தது என்பது என் கணிப்பு, அவர் மறுக்கிறார்.

14.12.2024

விளக்கீட்டுக்கு முதல் நாள் இரவு மூத்த மறி இரண்டு குட்டி போட்டது. மழை. மின்சாரமும் இல்லை. முதற்குட்டியை ஆடு நக்கிக்கொண்டு நின்றபோதே இரண்டாவது விழுந்துவிட்டது, அதை அது கவனிக்கவில்லை. நான் போகும்போது இரண்டாவது குட்டி சவ்வோடு சாய்ந்து கிடந்தது. சுண்டுவிரலை வாய்க்குள் விட்டுப் பார்த்தேன். நல்ல குட்டியென்றால் வாய் சூடாக இருக்கும், விரலை உடனே உறிஞ்சும். இதன் நாக்கு குளிர்ந்து, விரலுக்கு அடியில் அசையாமல் கிடந்தது.

இந்த இடத்தில்தான் பலர் அவசரப்பட்டுப் பாலைக் கறந்து வாய்க்குள் ஊற்றுவார்கள். உறிஞ்சத் தெரியாத குளிர்ந்த குட்டிக்கு ஊற்றும் பால் நெஞ்சுக்குள் போகும். வயிற்றுக்குள் போனாலும் சமிக்காது. ஆட்டின் இயல்பான உடற்சூடு ஏறத்தாழ 39 பாகை. குட்டி 37க்குக் கீழே இறங்கியிருந்தால் முதலில் சூடு, பிறகுதான் பால். மூக்கையும் வாயையும் துடைத்து, சாக்கினால் முதுகைத் தேய்த்து உலர்த்தினேன். சோடாப் போத்தல்களில் சுடுநீர் நிரப்பி, துணி சுற்றி, கடகத்துக்குள் இரண்டு பக்கமும் வைத்து நடுவில் குட்டியை வளர்த்தினேன். மேலே போர்க்க, கணவருக்கு மகள் நோர்வேயிலிருந்து அனுப்பிய கம்பளி. அவர் ரோச் லைற்றைப் பிடித்துக்கொண்டு, தனக்கு அந்தக் கம்பளி இனித் தேவைப்படாது என்று மட்டும் சொன்னார். நோர்வே ஆடுகளுக்கும் இந்தத் தரத்தில் கிடைக்குமா என்றும் கேட்டார்.

அரை மணித்தியாலத்துக்கு மேல் சென்றிருக்கும். காது சூடேறியது, பிறகு வாய், பிறகு விரலை லேசாக இழுத்தது. அதற்குப் பிறகுதான் கடும்புப்பாலை, அதாவது ஈன்றவுடன் சுரக்கும் முதற்பாலை, கறந்து கரண்டியால் துளித்துளியாக விட்டேன். விடியும்போது அது தாயின் மடியை முட்டிக்கொண்டு நின்றது.

கடும்பு பற்றிக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது: குட்டி நோயெதிர்ப்புச் சக்தி எதுவும் இல்லாமல்தான் பிறக்கிறது, அது கடும்பு வழியாகத்தான் வருகிறது, அதை உறிஞ்சி இரத்தத்தில் சேர்க்கும் குடலின் ஆற்றல் மணிக்கு மணி குறைந்து ஒரு நாளில் முடிந்துவிடுகிறது. முதல் ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குள் ஒரு முறையாவது குடித்திருக்க வேண்டும். முதல் நாளில் உடம்பு நிறையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 2 கிலோ குட்டிக்கு 200 மில்லிலீற்றர், பல தடவையாகப் பிரித்து. தொப்புள்கொடியில் அயடீன் தடவ மறக்க வேண்டாம்.

"இவ்வளவு தெரிந்த நீங்கள் ஏன் மார்கழியில் குட்டி போட விட்டீர்கள்?" என்று யாரும் கேட்பதற்கு முன்னர் நானே சொல்லிவிடுகிறேன். ஆட்டின் சினைக்காலம் ஐந்து மாதம். ஆனி, ஆடியில் கிடாயோடு சேர்ந்தால் கார்த்திகை, மார்கழியில் குட்டி வரும். ஆகவே அந்த மாதங்களில் மறிகளைக் கட்டிவைத்து, தை, மாசியில் சேரவிட்டால் ஆனி, ஆடியில் நல்ல வெயிலில் குட்டி கிடைக்கும். நான் கட்டித்தான் வைத்தேன். அயல்வீட்டுக் கிடாய் வேலியையும் மதிப்பதில்லை, நாள்காட்டியையும் பார்ப்பதில்லை.

17.12.2024

இன்றைக்குப் பகிடி இல்லை. வெள்ளத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் பரவி உயிர்களைக் குடித்த காய்ச்சல் எலிக்காய்ச்சல்தான் என்று சுகாதாரத் துறையினர் உறுதிப்படுத்தியிருக்கிறார்கள். மாடு வளர்ப்பவருக்கு இது அயலார் செய்தி அல்ல. எலியின் சிறுநீரும் தொற்றுப்பட்ட மாட்டின் சிறுநீரும் கலந்த சேற்றில் வெறுங்காலோடு நிற்பவர்கள் நாங்கள். எங்கள் வயதில் குதிகால் வெடிக்காத ஆட்களும் இல்லை. கிருமிக்கு அந்த வெடிப்பே வாசல்.

கொட்டிலுக்குள் இறப்பர் பூட்ஸ் போட்டுப் போங்கள். காலில் புண் இருந்தால் சேற்றில் இறங்கவே வேண்டாம். தவிட்டையும் பிண்ணாக்கையும் மூடியுள்ள பீப்பாயில் வையுங்கள். எலியை அழைப்பது அதன் வாசம்தான். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மாடு வைத்திருப்பவர்களுக்கும் வயலில் இறங்குபவர்களுக்கும் டொக்சிசைக்கிளின் குளிசை கொடுத்தால் அவர் சொன்னபடி எடுங்கள். காய்ச்சலோடு கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் இருந்தால் மல்லித்தண்ணீர் குடித்துக்கொண்டு வீட்டில் கிடக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், "நான் மாடு வைத்திருக்கிறேன்" என்று வைத்தியர் கேட்க முன்னரே சொல்லுங்கள்.

22.12.2024

தம்பி, நீங்கள் கேட்டது குளிரைப் பற்றி. நான் சில நாட்களாக யோசிப்பது உங்கள் வயதைப் பற்றியும் உங்கள் மனைவியின் முழங்காலைப் பற்றியும்.

எத்தனை உருப்படி வளர்க்கலாம் என்ற கேள்விக்குக் காணியின் அளவையோ கையில் உள்ள காசையோ வைத்துப் பதில் சொல்வது இளையவர்களின் கணக்கு. அறுபதுக்கு மேலே வேறு கணக்கு. மழை கொட்டும் ஒரு மார்கழி இரவில், மின்சாரம் இல்லாமல், உங்களில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்து படுத்திருக்கும்போது, மற்றவர் தனியாக எழுந்து போய் எத்தனை உருப்படியை அவிழ்த்து, இடம் மாற்றி, தீனி போட்டுவிட்டு விழாமல் திரும்ப முடியும்? அந்த எண்ணிக்கைக்கு மேலே ஒன்றும் வாங்காதீர்கள். சித்திரை மாதத்துப் பின்னேரத்தில் பத்து ஆடுகளைக் கூட விளையாட்டாகப் பார்த்துக்கொள்ளலாம். கணக்கை அந்தப் பின்னேரத்தில் இருந்துகொண்டு போடக்கூடாது.

எங்களிடம் ஜேர்சிக் கலப்பு மாடு ஒன்று நின்றது. பால் நன்றாகத் தந்தது. கழுத்தை ஒரு தரம் திருப்பினால் என்னைச் சுவரோடு சாய்த்துவிடும், வேண்டுமென்று அல்ல, அதன் பாரம் அப்படி. கணவருக்கு நெஞ்சு வருத்தம் கூடிய ஆண்டில் அதை விற்றோம். பாலின் அளவைப் பார்த்து அயலில் எல்லோரும் எங்களுக்குப் பைத்தியம் என்றார்கள். இப்போது நிற்பது ஒரு நாட்டுப் பசு. வீட்டுத் தேநீருக்கும் கோவிலுக்கும் போதுமான பால், கன்றுக்கு மிச்சம். இடுப்பு உயரம்தான், நான் இழுத்தால் வரும். முதியவர்களுக்கு நல்ல மாடு எது என்று என்னைக் கேட்டால், பால் கூடிய மாட்டைவிட, இழுத்தால் வரும் மாடுதான் என்பேன்.

கறவை என்பது ஒரு நாளும் விடுமுறை இல்லாத வேலை என்பதையும் யோசியுங்கள். ஆடு ஒரு நாள் தீனி பிந்தினால் கத்தும், அவ்வளவுதான். கறவை மாட்டை ஒரு நேரம் கறக்காமல் விட்டால் மடி கட்டிவிடும். ஆகவே என் ஆலோசனை: இந்த முதலாவது ஆண்டில் மாடு வேண்டாம், ஆடு மட்டும்.

23.12.2024

"கூலிக்கு ஆள் வைத்தால் போகிறது" என்று கனடாவிலிருந்து இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு மழையில் வரக்கூடிய ஆள் கிடைத்தால் முகவரியை எனக்கும் அனுப்பிவையுங்கள்.

29.12.2024

வெள்ளம் வரும்போது மாட்டை என்ன செய்வது என்று ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். பதில், கயிற்றில் இருக்கிறது. முடிச்சு ஒரே இழுப்பில் அவிழ வேண்டும். நனைந்து இறுகிய முடிச்சை இருட்டில் அவிழ்க்க எங்கள் வயது விரல்களுக்கு முடியாது. ஆகவே கொட்டில் கப்பில் ஒரு கத்தியைச் செருகி வையுங்கள், துருப்பிடித்ததல்ல, வெட்டக்கூடியது. கடந்த கார்த்திகை வெள்ளத்தில், முளையில் கட்டியபடியே கைவிடப்பட்ட கன்றுகள் இறந்ததை எங்கள் அயலிலேயே கண்டோம்.

இதை எழுதும்போது 1995 ஒக்ரோபர் 30 நினைவுக்கு வருகிறது. போரினால் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் பெயர்ந்து, மழைக்குள் நாவற்குழி வழியாக எங்கள் பக்கம் வந்து சேர்ந்தது. எங்கள் முற்றத்தில் தங்கியவர்களில் ஒரு முதியவர், பிள்ளைகளைப் பற்றியோ வீட்டைப் பற்றியோ பேசவில்லை. மாட்டை அவிழ்த்துவிட்டேனா இல்லையா என்று தன் மனைவியிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மா ஒவ்வொரு தடவையும், "அவிட்டுவிட்டனீங்கள், நான் கண்டனான்" என்றார். அவர் உண்மையில் கண்டாரா என்று நான் கேட்கவில்லை. 2000ஆம் ஆண்டில் எங்கள் முறை வந்தபோது நாங்கள் செய்த முதல் வேலை கொட்டிலுக்குப் போனதுதான். எல்லாவற்றையும் அவிழ்த்து, கழுத்துக் கயிற்றையும் கழற்றிவிட்டுப் போனோம். கயிறு எதிலாவது கொளுவிக்கொண்டால் அவிழ்த்ததில் பயன் இல்லை. வெள்ளத்துக்கும் அதுவே விதி.

05.01.2025

முதலில் வைக்கோலைத் தாராளமாகப் போடச் சொல்லியிருந்தேன். அது பல்லுள்ள மாட்டுக்கு என்று சேர்த்துக்கொள்ளுங்கள். கிழட்டு மாட்டின் பற்கள் தேய்ந்து, ஆடி, சில விழுந்தும் போயிருக்கும். அது வைக்கோலை வாயில் வைத்துச் சுருட்டித் துப்பும். போட்டது போட்டபடி கிடப்பதைப் பார்த்து நோய் என்று நினைப்போம். அதற்கு வைக்கோலைச் சிறிதாக நறுக்கி, இளஞ்சூட்டுக் கழுநீரில் நனைத்து, கொஞ்சம் தவிடு பிசிறி வைக்க வேண்டும். கூதலில் குளிர்ந்த தண்ணீரை மாடு குறைவாகக் குடிக்கும், தண்ணீர் குறைந்தால் தின்பதும் குறையும். இளஞ்சூட்டுத் தண்ணீர் காட்டுவதில் அந்த நன்மையும் உண்டு.

கிழட்டு மாட்டைப் பற்றி இன்னொன்று. இதை யாரும் வெளிப்படையாக எழுதுவதில்லை. மறுத்துப்போன பசுவை நாங்கள் "வன்னிக்குக் கொடுத்துவிட்டோம்" என்று சொல்வோம். வாங்குபவர் வளர்க்க வாங்கவில்லை என்பது கொடுப்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். விபூதி பூசி, கழுத்தைத் தடவி, கயிற்றை மட்டும் திருப்பி வாங்கிக்கொண்டு அனுப்பிவைப்பது எங்கள் ஊர் வழக்கம். நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. பென்சன் காசில் சீவிக்கும் இரண்டு முதியவர்கள் பால் தராத மாட்டுக்கு வருடக் கணக்கில் வைக்கோல் வாங்குவது எளிதல்ல. ஆனால் அந்த முடிவை மாடு வாங்கும்போதே எடுத்துவிட வேண்டும். இளம் நாகு ஒன்றை 63 வயதில் வாங்கினால் அது கிழடாகும்போது உங்களுக்கு எண்பது நெருங்கியிருக்கும். அந்த மார்கழியில் கொட்டிலில் யார் முதலில் வழுக்கி விழுவது என்பதுதான் போட்டி.

எங்கள் பசுவைப் பெறாமகன் பொறுப்பெடுப்பதாகச் சொல்லியிருக்கிறான். சொன்னதை எழுத்தில் வாங்கவில்லை. கணவர் வாங்கச் சொல்கிறார்.

11.01.2025

திருவெம்பாவை நாட்கள், விடியற்புறத்தில் சங்குச் சத்தத்தோடு எழும்பி, அந்த உற்சாகத்திலேயே ஆடுகளை அவிழ்த்துவிடும் பழக்கம் எங்கள் தெருவில் பலருக்கு உண்டு. புல்லில் பனி நிற்கும்வரை அவிழ்க்க வேண்டாம். வயிற்றுப் புழுவின் சிறு குடம்பிகள் ஈரத்தோடுதான் புல்லின் நுனிக்கு ஏறி நிற்கும். வெயில் ஏறினால் கீழே இறங்கிவிடும். ஆட்டின் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள்: சிவந்திருந்தால் நன்று, வெளிறியிருந்தால் புழு இரத்தத்தைக் குடிக்கிறது, மருந்துக்கு மிருக வைத்தியரிடம் போங்கள். எல்லா ஆட்டுக்கும் மாதந்தோறும் மருந்து ஊற்றுவது வீண். கடைசியில் மருந்து எடுபடாத புழுவைத்தான் வளர்ப்பீர்கள்.

15.01.2025

பட்டிப்பொங்கல். ஒரு வேண்டுகோள்: மாட்டுக்குப் பொங்கலை வாழையிலையில் ஒரு பிடி வையுங்கள், பானையோடு வைக்காதீர்கள். சோறும் சர்க்கரையும் அதிகமானால் வயிறு புளித்து, ஊதி, மாடு படுத்துவிடும். ஆண்டுதோறும் இன்றும் நாளையும் மிருக வைத்தியர்களுக்கு ஓய்வு இல்லாமல் செய்வது எங்கள் அன்புதான். கொம்புக்குப் பூசும் பெயின்றை மாடு நக்கக்கூடிய இடத்தில் பூசாதீர்கள். மஞ்சளும் குங்குமமும் போதும். குளிப்பாட்டுவதென்றால் வெயில் ஏறிய பிறகு.

27.01.2025

தம்பி எழுதியிருக்கிறார்: இரண்டு மறி மட்டும் வாங்கியிருக்கிறார், மாடு வாங்கவில்லை. மனைவி ஆட்டுக்கு ஏற்கெனவே பெயர் வைத்துவிட்டாராம். கிடாய் வாங்கவில்லை, அயலில் ஒன்று இருப்பதாகச் சொல்கிறார். அயலில் எப்போதும் ஒன்று இருக்கும்.

அவர் கேட்ட கடைசிக் கேள்வி, அடுத்த மாரிக்கு இப்போதே என்ன செய்யலாம் என்பது. ஆட்டுக்கும் மழை இரவில் உலர்ந்த தீனி வேண்டும், ஆகவே வைக்கோலை இப்போதே பேசுங்கள். அறுவடை தொடங்கிவிட்டது, வயலிலேயே வாங்கினால் விலை குறைவு, ஐப்பசியில் அதே வைக்கோலுக்கு இரட்டிப்புக் கேட்பார்கள். இரண்டு மறிக்கு ஒரு சின்னப் பட்டடை போதும், மிஞ்சினால் என்னிடம் விற்கலாம். வாங்கியவுடன் போர் வைக்காதீர்கள், இரண்டு மூன்று நாள் வெயிலில் விரித்துக் காயவிடுங்கள். நிலத்தில் கல் அடுக்கி, அதன்மேல் பனங்குற்றி போட்டு, நிலத்தில் படாமல் பட்டடையைக் கட்டுங்கள். உச்சியைக் கூம்பாக எடுத்து ஓலையால் வேய வேண்டும்; தறப்பாளால் இறுக்கி மூடினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். எங்கள் பக்கத்து வயலில் வரும் வெள்ளிக்கிழமை வெட்டுகிறார்கள். உங்களுக்கு எத்தனை கட்டு வேண்டும் என்று அதற்கு முன்னர் சொல்லுங்கள். ஒரே உழவு இயந்திரத்தில் ஏற்றினால் கூலி பாதியாகும்.